பெட்டியில் வந்த இஞ்சின்

காரைக்கால் கடற்கரையில் இருக்கும் எங்கள் கருக்களாச்சேரியில் இஞ்சினை யாரும் கட்டுவதில்லை, வாங்குவார்கள். ஃபைபர் படகுக்கோ விசைப்படகுக்கோ, இஞ்சின் என்றால் அது மரப்பெட்டியில் ஆணி அடித்து வரவேண்டும். இஞ்சினைப் படகில் இறக்கிய கையோடு பெட்டிப் பலகையைக் கோழிக்கூண்டுக்கு எடுத்துவிடுவோம். "நடுக்கடல்ல நின்னு போச்சுன்னா, கட்டுனவன் சட்டையப் போயா புடிக்க முடியும்? பெட்டிய நம்பு" என்பது படகு வைத்திருக்கும் என் அப்பாவின் கட்சி. ஊருக்கும் அதே கட்சிதான்.

புது இஞ்சினுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதல்முறை கிளப்பும்போது தேங்காய், பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் தயாராக இருக்கும். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் அடக்கி, மெதுவாக ஓடவிட்டு, வீட்டுப் பெரியவர் கற்பூரம் காட்டுவார். கற்பூரம் தானாக அணையும்வரை யாரும் விசையைக் கூட்டக் கூடாது. பிறந்த பிள்ளையை அன்றைக்கே ஓடச் சொல்வோமா என்பது அம்மாவின் நியாயம். எத்தனையோ டீசல் இஞ்சின்கள் அப்படி மெல்ல மூச்சு விட்டுப் பழகித்தான் கடலுக்குப் போயின. ஒன்றுக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, ஒரு கார் இஞ்சினை முதல் போல்ட்டிலிருந்து நானே கட்டுவேன் என்று நின்றவன் என் தம்பி. ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. டவுனில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காலமான பிறகு, அவர் வீட்டில் சும்மா கிடந்த காரை வாங்கி வந்திருந்தான். வட்ட விளக்கும் குண்டு உடம்புமாக ஒரு காலத்தில் ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடியதே, அந்த ஜாதிக் கார். அதைப் பந்தயக் கார் போல ஓட வைக்கவேண்டும் என்பது அவன் ஆசை. எருமையைப் பிடித்து வந்து குதிரை ஆக்கப் பார்க்கிறான் என்று நான் கேலி செய்வேன். "எரும ஓடி நீ பாத்ததில்லக்கா" என்பான்.

சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. வருடத்தில் சில நாட்கள், யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அதில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பாலிடெக்னிக் படித்த காலத்தில் நண்பர்களோடு வேடிக்கை பார்க்கப் போய் வந்தவன், அன்றிலிருந்து அதே பேச்சாக இருந்தான். நாமே கட்டிய இஞ்சினில் அந்தத் தடத்தை ஒரே ஒரு சுற்று வரவேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவன் வைத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தி சாய்ந்தால் அவன் தடுமாறத் தொடங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்து. வலைக் குவியலில் கால் மாட்டி விழுவான். எதிரே வருகிறவர் தோளில் போய் இடிப்பான். சாராயக் கடை மலிந்த காரைக்காலில் ஒருவன் தடுமாறினால் ஊர் முதலில் மோப்பம்தான் பிடிக்கும். நானும் ஒருநாள் வாயை ஊதிக் காட்டச் சொன்னேன். ஊதினான். அவன் குடித்த டீயின் ஏலக்காய் வாசனைதான் வந்தது.

பாண்டிச்சேரியில் கண் டாக்டரிடம் நானும் அப்பாவும் அவனை அழைத்துப் போனோம். விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழிந்துகொண்டு வருகிறது, பிறவியிலேயே உள்ளது, நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார், "அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?"

அப்பா என் அம்மாவின் தாய்மாமன். எங்களிடம் அதுதான் முறை. உரிமைக்காரன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால்தான் ஊர் ஏன் என்று கேட்கும். அப்பா, "ஆமாங்க" என்றார். பூவம் தாண்டி நம் ஊர் எல்லைக்குள் பஸ் நுழைந்தபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒனக்கு நல்லா தெரியுதுல்ல ஆத்தா?" என்று கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததற்காக வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஒரு கெடு வைத்திருந்தார். இப்போதைக்குப் பகலில் மட்டும் கார் ஓட்டலாம், பங்குனியில் மறுபடி வாருங்கள், பார்த்துவிட்டு ஓட்டலாமா கூடாதா என்று சொல்கிறேன் என்றிருந்தார். பந்தயத் தடம் திறக்கும் நாள் மாசியில் இருந்தது. அப்போது ஆடி மாதம். ஆக, என் தம்பியின் ஆசைக்கு மிச்சமிருந்தது அந்த மாசி ஒன்றுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் சொன்னேன். எனக்கு அடக்கி வைத்துப் பழக்கமில்லை. கோயம்புத்தூரில் பந்தய இஞ்சினைக் கட்டியே விற்கிறார்கள். அவர்களே ஓட்டிப் பழக்கி, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். இறக்கி மாட்டினால் கார் பறக்கும்.

"வாங்கிடுடா. நான் வாங்கித் தரேன். எனக்கென்ன, கவர்மெண்டு சம்பளம்."

"வாங்கி மாட்டுனா ஓட்டுனவன்தான் ஆவேன்கா. கட்டுனவன் ஆவ மாட்டேன்."

"ஒனக்கு எதுடா வேணும்? கட்டணுமா, ஓட்டணுமா?"

"ரெண்டும்."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் இரண்டும் போய்விடும் என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "கண்ணு போனப்பறம் ஓட்ட முடியாதுன்னு எல்லாரும் அழுவுறீங்க. அதுக்கப்பறம் கட்டவும் முடியாதுல்ல? அத நெனச்சு யாரும் அழ மாட்றீங்களே" என்றான். அதற்குப் பிறகு கோயம்புத்தூர் பேச்சை நான் எடுக்கவில்லை.

அப்பாவின் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த கொட்டகையைக் காலி செய்து அங்கே தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆனால், டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்விடுவேன். நாகப்பட்டினத்துப் பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்து வாங்கி வந்தோம். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. உப்புக் காற்று என்ன சும்மா விடுமா? மறுநாளே செம்பட்டையாகத் துரு. அவன் எண்ணெய் போட்டுத் துடைத்து, அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கேட்டு வாங்கிப் போர்த்தி வைத்தான். "மாப்ள தூங்குறாரா?" என்று நான் கேட்பேன். அதற்கு மட்டும் சிரிப்பான். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், கண் விஷயம் தெரிந்து விலகிக்கொண்டிருந்த நேரம் அது.

கொட்டகைக் கதவு வழியாக விழும் வெயில்தான் அவனுக்கு விளக்கு. வெயில் நகர நகர, இஞ்சினை மாட்டியிருந்த ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டே நகர்வான். நட்டு ஒன்று கீழே விழுந்தால் தரை முழுவதும் உள்ளங்கையால் துழாவுவான். அது அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். நான் சத்தமில்லாமல் அதை அவன் கை போகும் வழியில் நகர்த்தி வைப்பேன். கிடைத்ததும், "இங்கதான் இருக்கு" என்பான், நான் தேடிக்கொண்டிருந்தது போல.

அப்பா அந்தக் கொட்டகைக்குள் காலடி வைக்கவே இல்லை. வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து வலை முடைவார். நான் போகும்போது, "எது வரைக்கும் வந்திருக்கான்?" என்று கேட்பார். "வந்து பாருங்களேன்" என்றால், "எனக்கென்ன தெரியும் அதுல" என்பார். தெரியாமல் இல்லை. பிள்ளை இரும்போடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்க அவரால் முடியவில்லை. டாக்டர் கேட்ட கேள்வி அவர் காதைவிட்டுப் போகவில்லை என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

மார்கழியில் இஞ்சின் முழு உருவம் பெற்றது. அப்போதுதான் தம்பி எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னான். வால்வுகளைத் திறந்து மூட உள்ளே கேம் என்று ஒரு தண்டு சுழலும். அதில் முட்டை மாதிரி மேடுகள் இருக்கும். இந்தப் பழைய வகை இஞ்சினில் கேம் புதிதாக இருந்தால், கிளப்பிய நிமிடமே விசையைக் கூட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருக்கவேண்டும். அப்போதுதான் எண்ணெய் நன்றாகத் தெறித்து மேடுகள் பதப்படும். மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் போதாமல் மேடுகள் உரசித் தேய்ந்துவிடும். "காது கிழியும்கா, பஞ்சு வச்சிக்க. அந்தக் கொஞ்ச நேரந்தான் இதுக்கு எல்லாம். அது நல்லா போச்சுன்னா மாசில நான் டிராக்ல இருப்பேன்."

இஞ்சினைக் காரில் இறக்கி மாட்டி, தை பிறந்து ஒரு நல்ல நாளில் கிளப்புவது என்று முடிவானது. எங்கள் இருவரோடு முடிக்கலாம் என்று அவன் நினைத்திருக்க, அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அத்தைகளும் சித்திகளும் வந்து கொட்டகை வாசலில் நின்றார்கள். இஞ்சின் கொஞ்சம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. டிரைவர் சீட்டில் இருந்த தம்பி உடனே பெடலை மிதித்து விசையைக் கூட்டினான். தகரக் கூரை அதிர்ந்தது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். அத்தனை மாதமாக வராத மனுஷன், வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு, கையில் கற்பூரத் தட்டோடு வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "மெள்ளடா தம்பி, மெள்ள! சாமி வந்து நிக்கிதுல்ல!" என்றார்.

தம்பி அவரைப் பார்த்தான். ஓரமெல்லாம் இருண்டு போன அந்தக் கண்ணின் நடுவில், அப்பா முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். பெடல் மேல் இருந்த அவன் கால் தளர்ந்தது. இஞ்சின் அடங்கி, படகு இஞ்சின் போலத் தக்குத் தக்கு என்று ஓடியது.

"ஏத்துடா!" என்று கத்தினேன். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. "அப்பா, இது..." என்று நான் தொடங்கியதும் அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கற்பூரம் எரியும்போது பேசக் கூடாது. எரிந்தால்தானே? கடல்காற்றில் அணைந்து அணைந்து போனது. அணைவது அபசகுனம் என்று ஒவ்வொரு முறையும் மறுபடி கொளுத்தினார்கள். பெரிய அத்தை தன் பங்குக்கு ஒரு கட்டி வைத்தாள், பிறகு சின்ன அத்தை. இஞ்சின் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பா தட்டைக் கீழே வைத்து, இஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டு, அதே கையால் தம்பியின் நெற்றியில் விபூதி வைத்தார். அவனுக்குக் குனிந்து வாங்கிக்கொள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தலை குனிந்துதான் இருந்தான்.

சில நாட்களில் உள்ளே தட்டுகிற சத்தம் வந்தது. எண்ணெயை இறக்கினால், மீன் செதில் மாதிரி மினுமினுவென்று இரும்புப் பொடி. பிரித்துப் பார்த்தான். கேமின் மேடுகள் வழுவழுவென்று தேய்ந்து உருண்டை ஆகியிருந்தன. அந்தப் பொடி எண்ணெயோடு சுற்றி, நாங்கள் பார்த்துப் பார்த்து அளந்து வைத்த பேரிங்குகளையும் சிலிண்டரையும் கீறியிருந்தது. மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டும். அதற்கு மாசியில் இடமில்லை.

அப்பா வாசலில் நின்று, "என்னடா ஆச்சு?" என்றார். "கேம் மட்டமான சரக்குப்பா. வந்ததே அப்படி" என்றான் தம்பி.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அப்பா மேல், கற்பூரத்தின் மேல், வரிசையாகக் கற்பூரக் கட்டி வைத்த அத்தைகள் மேல், எல்லாம் தெரிந்தும் காலைத் தளர்த்திய இவன் மேல். அப்பா போனதும், "போய் உண்மையச் சொல்றேன் பாரு" என்று எழுந்தேன். என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ஏற்கனவே ஒண்ணத் தூக்கிட்டுத் திரியிறாருக்கா. என் கண்ண. இதயும் அவரு தலைல வைக்கணுமா?"

"அதுக்கு ஒன் ஆசையப் போட்டு ஒடைப்பியா?"

"அன்னிக்கித்தான் உள்ள வந்தாரு. வெளில போப்பான்னு சொல்லச் சொல்றியா?"

அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் கட்டுப்பட்டு நின்றது அந்த ஒரு சத்தியத்துக்குத்தான்.

அப்பாவுக்கோ தன் கட்சி ஜெயித்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், பெட்டிய நம்புன்னு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கோயம்புத்தூருக்கு ஆள் பிடித்து, கட்டிய இஞ்சின் ஒன்றுக்குச் சொல்லி வைத்ததும் அவர்தான். மாசிக்குள் வரவேண்டும் என்று தினமும் போனில் கெஞ்சினார். முன்னால் சொன்னவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தரமுடியும் என்றார்கள். அதுவும் நியாயம்தானே. ஆடியிலேயே சொல்லியிருந்தால் ஐப்பசிக்குள் வந்திருக்கும்.

மாசி வந்தது. தடம் திறந்த அன்று தம்பி வழக்கம்போல ஐஸ் ஃபேக்டரிக்குப் போனான். நான் ஏதோ சாக்கு வைத்துப் போன் செய்தேன். ஒரு கம்ப்ரசர் மக்கர் செய்வதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஓட்டவேண்டாம் என்றார். "சரிங்க" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கார் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலில் அவனுக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

பெட்டி அதற்குப் பிறகு, சித்திரையில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி படகெல்லாம் கரையில் கிடக்கும்போது வந்தது. துறைமுகத்து ஃபிட்டர்கள் சும்மா இருந்ததால் ஆளுக்கொரு கை பிடித்து மாட்டிக் கொடுத்தார்கள். தம்பி தொட்டுத் தொட்டுப் பார்த்து, எதை எங்கே முடுக்கவேண்டும் என்று சொன்னான். நல்ல இஞ்சின்தான். ஒரு குறை சொல்ல முடியாது. அவன் அதைப் பாராட்டினான்கூட. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பாராட்டுகிற மாதிரி.

மாட்டி முடித்த மறுநாள் காலையில் நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். இந்த முறை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். காரைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியிருந்தோம். நான் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்க, தம்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கொட்டகைக் கதவு திறந்திருக்க, நேர் எதிரே கடல். அப்பா தட்டோடு வந்தார். கற்பூரம் இருந்தது, கொளுத்தவில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்று கேட்டார்.

"இது மெள்ள ஓடலாமாடா? இல்ல, இதுக்கும் ஏத்திதான் ஓட்டணுமா?"

தம்பி சட்டென்று என் பக்கம் திரும்பினான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ என்று, "நான் சொல்லலடா" என்று வாய்விட்டும் சொன்னேன்.

"அவ சொல்லல" என்றார் அப்பா. "மட்ட சரக்க எப்புடிக் குடுக்கலாம்னு கேக்க, அந்தக் கேம் கம்பியத் தூக்கிட்டுத் தொறமுகத்து ஃபிட்டர்ட்ட போனேன். பாத்ததுமே கேட்டான், மொதல்ல மெள்ள ஓட விட்டீங்களான்னு. மாசிலயே எனக்குத் தெரியும்."

மாசியிலிருந்து அவர், நான் அப்பவே சொன்னேன் என்ற பேச்சை எடுக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தட்டைத் தொட்டான். "இது பழக்கி வந்த இஞ்சின்பா. எப்புடி வேணாலும் ஓடும். கொளுத்துப்பா."

"வேணாம். அன்னிக்கி எப்புடி ஓட்ட இருந்தியோ அப்புடி ஓட்டு."

அவன் கிளப்பினான். விசையைக் கூட்டினான். கூரைத் தகரம் அன்றைக்குப் போலவே அதிர்ந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள், நானும் பொத்திக்கொண்டேன். அப்பா மட்டும் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, காதைப் பொத்தாமல், அசையாமல் நின்றார். தம்பி கடலைப் பார்த்தபடி, தன் இஞ்சினை எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் இந்த இஞ்சினைப் பிடித்திருந்தான். பிறகு காலை எடுத்து, சாவியைத் திருப்பினான்.

கொஞ்ச நேரம் காதில் எதுவும் விழவில்லை. அப்புறம் அலைச் சத்தம் கேட்டது.

"இவ்ளோ நேரந்தானாடா?" என்றார் அப்பா.

"இவ்ளோ நேரந்தாம்ப்பா" என்றான் தம்பி.